டேங்கில் இருப்பது நேரம்

பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்தால், ரிசர்வுக்குத் திருப்பிப் பக்கத்து பங்க் வரை ஓட்டிவிடலாம். அதுவும் தீர்ந்தால் இறங்கித் தள்ளலாம். வானத்தில் ஓரங்கட்ட இடமில்லை. ஆனாலும் எரிபொருள் கிடைக்காமல் எஞ்சின் நின்று சிறு விமானங்கள் விபத்துக்குள்ளாவது இன்னும் ஓயவில்லை. 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட இத்தகைய விபத்துகளை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. பெரும்பாலானவற்றில் விமானியின் தவறே காரணம்.

இவை இரண்டு வகை. ஒன்று, எரிபொருள் அடியோடு தீர்ந்துபோவது. மற்றொன்று, டேங்கில் இருந்தும் அது எஞ்சினுக்குப் போய்ச் சேராதது.

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வரின் உயிரைப் பறித்தது இரண்டாம் வகை. அவர் ஓட்டிய லாங்-ஈஸி, ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளும் விமானம். ஒரு டேங்கிலிருந்து மறு டேங்குக்கு மாற்றும் வால்வின் கைப்பிடியை, அதைக் கட்டியவர் இருக்கையின் இடது தோள்பக்கம் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் அளவையும் பின்னால் திரும்பித்தான் பார்க்க வேண்டும். நிரப்பட்டுமா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போவதாகச் சொல்லி டென்வர் மறுத்துவிட்டார். வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தன்னையறியாமல் வலது சுக்கான் மிதியை அழுத்தியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு கூறியது.

முதல் வகைக்கு வருவோம். எரிபொருள் மானியின் முள்ளை மட்டும் நம்பிப் பறக்கக் கூடாது என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடம். இறக்கைக்குள் இருக்கும் டேங்க் அகலமானது, ஆழமற்றது. விமானம் சற்றுச் சாய்ந்தாலும் எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கும். உள்ளே மிதக்கும் மிதவையும் கூடவே நகரும். அதனால்தான் கிளம்புமுன் மூடியைத் திறந்து அளவுக்குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். டேங்கில் உள்ள அத்தனையும் எஞ்சினுக்குக் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். செஸ்னா 172எஸ் விமானத்தில் ஏறக்குறைய 212 லிட்டர் பிடிக்கும். பயன்படுவது 200 லிட்டர்தான்.

மணிக்கு 35 லிட்டர் செலவானால் அந்த 200 லிட்டர் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 800 கிலோமீட்டர் போக நான்கு மணி நேரம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும். எதிர்க்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அதே தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மிச்சம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். பகலில் கண்பார்வையை நம்பிப் பறப்பவர் கையிருப்பாக வைத்துக் கிளம்ப வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்ச அளவே 30 நிமிடம்தான். இரவில் அது 45 நிமிடம். ஆகவே விமானி கணக்குப் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, கைக்கடிகாரத்தை.

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செஸ்னா, காற்றில்லாத நேரத்தில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும். அதற்குள் ஒரு வயலோ சாலையோ கிடைத்தால் உயிர் பிழைக்கலாம்.

ஆனால் அந்த வயலைத் தேடும் நிலையே வரக் கூடாது. வழியில் ஒரு விமான நிலையம் தெரியும்போது, ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்ற எண்ணம் வந்தால் அங்கேயே இறங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். தாமதமாகப் போய்ச் சேர்வதில் ஒரு குறையும் இல்லை.