பொதுமையும் பராமரிப்பும்: வணிக ஊடகங்களுக்குப் புறம்பான இணையச் சமூகங்கள் பற்றிய சில குறிப்புகள்

‘சமூக ஊடகம்’ என்னுந் தொடரிலே ‘சமூகம்’ என்ற சொல் எப்பொருளில் வழங்குகின்றது என்று நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. பேஸ்புக், ருவிற்றர் (2023 ஆம் ஆண்டு முதல் ‘எக்ஸ்’) முதலியன பெரும்பாலும் விளம்பரத்தால் வளர்ந்த நிறுவனங்கள். அவை விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் பயனரின் கவனமேயாகும். எனவே அக்கவனத்தை எவ்வளவு நேரம் தம்பால் இருத்திவைக்கலாம் என்பதே அவற்றின் அமைப்பை நிர்ணயிக்கின்றது. அமைதியான உரையாடலைவிடச் சினமும் அச்சமும் கவனத்தை விரைவில் ஈர்க்குமாயின், அவ்வமைப்பு சினத்துக்கும் அச்சத்துக்குமே இடங்கொடுக்கும். இதனைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக மட்டும் விளக்குவது மேலோட்டமான பார்வையாகும்.

இது எமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பிரசாரத்தின் பெரும்பகுதி பேஸ்புக் வழியாகவே பரவியது. அரசாங்கம் அவ்வூடகங்களைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. சிங்கள மொழி அறிந்த கண்காணிப்பாளர் அந்நிறுவனத்திடம் போதியளவு இல்லாமை அப்போது பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. 2020 மே மாதத்தில், இலங்கை நிலைமை பற்றிய மனித உரிமை மதிப்பீடு வெளியானவேளை, அந்நிறுவனம் தனது தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக மன்னிப்புக் கோரியது. எனினும், இலட்சக்கணக்கானோர் கூடும் ஓரிடத்தைப் பராமரிக்கும் அதிகாரம், அவ்விடத்தின் மொழியை அறியாதவரிடம் இருந்தது எவ்வாறு என்ற வினா மன்னிப்போடு தீர்ந்துவிடவில்லை.

இதற்கு மாற்று உண்டா? ஆராய்வதற்கு முன் ஒரு கோட்பாட்டுத் தடையை நீக்கிக்கொள்ளவேண்டும். 1968 இல் கரட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவான மேய்ச்சல் நிலம் அதனைப் பயன்படுத்துவோராலேயே அழிந்துவிடும் என்று வாதித்தது. ஒன்று அரசு தலையிடவேண்டும், அன்றேல் நிலம் தனியார் உடைமையாகவேண்டும் என்பது அவ்வாதத்திலிருந்து பலரும் பெற்ற முடிபு. இணையத்தைப் பற்றிப் பேசுவோரும் அறிந்தோ அறியாமலோ இதையே திரும்பக் கூறுகின்றனர். எலினோர் ஒஸ்ரொம் 1990 இல் வெளியிட்ட நூல் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வழியை வரலாற்றுச் சான்றுகளோடு காட்டியது. 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் ரேர்பெல் என்னும் மலைக்கிராமத்தில், குளிர்காலத்தில் தன்னாற் பேணக்கூடிய எண்ணிக்கைக்கு மேற்பட்ட பசுக்களை எவரும் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்னும் விதி 1517 முதல் இருந்துவந்துள்ளது. பொதுநிலம் அழியாமைக்குக் காரணம் கிராமத்தவரின் நற்குணமன்று. அவர்களே ஆக்கி அவர்களே காத்த விதியாகும்.

அந்நூலில் இலங்கையும் இடம்பெறுகின்றது என்பது எமது வாசகரிற் பலர் கவனிக்கத் தவறும் செய்தி. தென்கரையிலுள்ள மாவெல்ல என்னும் மீன்பிடிக் கிராமத்தின் கரைவலைத் தொழிலை ஒஸ்ரொம் எடுத்துக்காட்டுகிறார். அங்கு கரையில் வலை வளைப்பதற்கான முறை ஒவ்வொரு வலைக்கும் சுழற்சியாக வழங்கப்பட்டது. அம்முறை நேர்த்தியானது, நீதியானது. ஆனால் புதிய வலைகள் சேர்வதைத் தடுக்கும் வலிமை கிராமத்துக்கு இருக்கவில்லை. வலைகள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு சுருங்கியது. உள்ளே எத்துணை நல்ல விதி இருந்தாலும், வாயிலின்மேற் கட்டுப்பாடு இல்லாத சமூகம் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே கதையைக் கணினி வலையமைப்பின் வரலாற்றிலும் காண்கிறோம். 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் திட்டமிட்ட யூஸ்நெற், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாத உரையாடல் வலையாக வளர்ந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் புதிய மாணவர் வரும் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் அங்கே சிறு குழப்பம் ஏற்படும். பழையவர்கள் கடிந்தும் கற்பித்தும் புதியவரை வழக்கத்துக்குக் கொண்டுவருவர். ஒக்ரோபரில் நிலைமை சீராகும். 1993 முதல் வணிக இணைப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் திரள்திரளாக நுழையத் தொடங்கியபோது, கற்பிப்போரின் தொகை போதாதாயிற்று. அக்காலத்தைப் பழைய பயனர்கள் ‘முடிவிலாச் செப்ரெம்பர்’ என்று வழங்குவர். 1994 ஏப்ரிலில் அரிசோனாவின் வழக்கறிஞர் இருவர் தமது குடிவரவுச் சேவைக்கான விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே வேளையில் இட்டனர். அதனைத் தடுக்க எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. புதியவர்கள் கெட்டவர்கள் என்பது இதன் பொருளன்று. வருகையின் வேகம் கற்பித்தலின் வேகத்தைக் கடந்துவிட்டது, அவ்வளவே.

இதற்கு மாறான ஒன்றாக 1985 இல் கலிபோர்னியாவில் ஸ்ருவேட் பிராண்ட், லரி பிரில்லியன்ற் ஆகியோர் தொடங்கிய ‘வெல்’ என்னும் உரையாடற் களத்தைக் குறிப்பிடலாம். அது கட்டணம் பெற்றது. உறுப்பினர் எவரும் தம் உண்மைப் பெயரை மறைக்க முடியாது. எழுதியதற்கு எழுதியவரே பொறுப்பு, அதன் உரிமையும் அவருடையதே என்னும் கொள்கை தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் உரையாடற் பிரிவுக்கும் ஒரு விருந்தோம்புநர் இருந்தார். அவருக்குக் கட்டணச் சலுகை வழங்கப்பட்டது. அதாவது, பராமரிப்பு ஓர் உழைப்பு என்பது சிறிய அளவிலேனும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘கிரேற்புல் டெட்’ என்னும் இசைக்குழுவின் இரசிகர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்து கட்டணஞ் செலுத்தியமையே ஆரம்பகாலத்தில் அக்களத்தைத் தாங்கிய முக்கிய தூண் என்பது சுவையான செய்தி. உயர்ந்த இலட்சியங்களைப் பாட்டு இரசிகர்களின் சில்லறைக் காசு காப்பாற்றியது!

இவற்றினும் எமக்கு முக்கியமாகத் தோன்றுவது, அக்களத்தின் முதல் நிருவாகிகள் யார் என்பது. அவர்களுட் சிலர் தெனசி மாநிலத்தில் ‘பண்ணை’ என்ற பெயருடைய கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள். ஒரே சமையலறையைப் பலர் பங்கிடும்போது எழும் பிணக்குகளைத் தீர்த்துப் பழகிய அவர்கள், திரையில் எழும் பிணக்கையும் அதே வகையாகவே கண்டனர். மாதந்தோறும் உறுப்பினர்கள் நேரிற் கூடி உண்டனர். ஹவார்ட் ரைன்கோல்ட் 1993 இல் எழுதிய நூலால் உலகப் புகழ் பெற்ற அக்களம் பின்னர் கைமாறியது. 1999 இல் ‘சலோன்’ என்னும் வணிக நிறுவனம் அதனை வாங்கியது. 2012 இல் அந்நிறுவனம் விற்க முற்பட்டபோது, நீண்டகால உறுப்பினர் சிலரே பணந்திரட்டி அதனை விலைக்கு வாங்கினர். தாம் வாழ்ந்த வீட்டைத் தாமே வாங்கவேண்டியிருந்தமை உடைமை பற்றிய வினாவை எத்துணை கூர்மையாக எழுப்புகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஈண்டு மீண்டும் இலங்கைக்கு வருவது பொருந்தும். கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டத்தில் 1980களின் தொடக்கத்தில், விவசாயிகளோடு தங்கியிருந்து அவர்களை ஒழுங்கமைக்கும் இளைஞர்கள் அமர்த்தப்பட்டனர். சங்கம் அமைத்து, யாப்பு எழுதி, தலைவரைத் தெரியும் வழக்கமான முறையை அவர்கள் பின்பற்றவில்லை. முதலில் ஒரு வாய்க்காலின் பயனாளர்கள் கூடி அதனைத் துப்புரவாக்கினர். நீரை முறைவைத்துப் பகிர்ந்தனர். அமைப்பு அதன் பின்னரே வந்தது. தலைவாய்க்காற் பகுதியிலிருந்த சிங்கள விவசாயிகள் கடைவாய்க்காலிலிருந்த தமிழ் விவசாயிகளுக்கு நீர்விட்ட நிகழ்ச்சிகளும் பதிவாகியுள்ளன. 1956 இல் இனக்கலவரம் மூண்ட அதே கல்லோயாவில் இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. ஒருவரையொருவர் காணாத கணினித் திரைச் சமூகத்துக்கு வாய்க்கால் உவமை முற்றிலும் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும், சேர்ந்து செய்யும் சிறு வேலையிலிருந்தே நம்பிக்கை பிறக்கின்றது என்ற வரிசைமுறை இரண்டிடத்தும் ஒன்றாகவே காணப்படுகின்றது.

அண்மைக்கால முயற்சிகளுள் மாஸ்ரடொன் குறிப்பிடத்தக்கது. ஜேர்மனியில் வாழும் யூஜென் ரொச்கோ 2016 இல் வெளியிட்ட இம்மென்பொருள் எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற ஒன்று. இங்கு ஒரே நிறுவனத்தின் ஒரே தளம் இல்லை. ஆயிரக்கணக்கான வழங்கிகள் வெவ்வேறு குழுக்களால் நடத்தப்படுகின்றன. அவை பொது நெறிமுறை ஒன்றின் மூலம் தம்முட் பேசிக்கொள்கின்றன. அந்நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தால் அங்கீகரிக்கப்பட்டது. ஒவ்வொரு வழங்கியும் தன் விதியைத் தானே வகுக்கும். தீங்கிழைக்கும் இன்னொரு வழங்கியோடு தொடர்பை அறுத்துக்கொள்ளவும் அதற்கு உரிமையுண்டு. 2019 இல், அமெரிக்கத் தீவிர வலதுசாரிகள் குழுமிய ‘காப்’ என்னும் தளம் இம்மென்பொருளுக்கு மாறியபோது, பெரும்பாலான வழங்கிகள் தத்தமது முடிவாக அதனைத் துண்டித்தன. மென்பொருளைப் பயன்படுத்துவதை எவராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் வாயில் மூடப்பட்டது. மாவெல்லக் கரையில் இல்லாதிருந்த வலிமை இதுவே.

2022 ஒக்ரோபரில் ஈலோன் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு ருவிற்றரை வாங்கியதும், பல இலட்சம் பேர் மாஸ்ரடொனுக்கு இடம்பெயர்ந்தனர். வந்தோரிற் பலர் தங்கவில்லை. இதனைத் தோல்வியென எழுதியவர்கள் உண்டு. வளர்ச்சியை மட்டுமே வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது வணிக நிறுவனத்தின் கணக்கு. அதனை ஒரு சமூகத்துக்குப் பொருத்துவது எவ்வளவு முறையென்று எமக்குத் தோன்றவில்லை.

எனினும் இம்முயற்சிகளை இலட்சியமயமாக்குவதும் தவறாகும். அக்காலத்தில் புதிதாக வந்த கறுப்பினப் பயனர் சிலர், தாம் அனுபவிக்கும் இனவாதத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதனை எச்சரிக்கைக் குறிப்புக்குப் பின்னால் மறைக்குமாறு பழைய பயனர்கள் வற்புறுத்தியதாக முறையிட்டனர். எவரையும் புண்படுத்தாதிருக்க ஏற்பட்ட வழக்கமே ஒருசாராரின் வாயை அடைக்கும் கருவியாயிற்று. கோயிற் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்த 1960களின் யாழ்ப்பாணத்தை அறிந்தோருக்கு, ‘இங்குள்ள வழமை இது’ என்ற சொல் யாருடைய நலனைக் காக்கும் என்பது புதிராக இராது. சிறிய சமூகம் என்பதனாலேயே அது சனநாயகச் சமூகமாகிவிடாது.

இரண்டாவது பிரச்சினை உழைப்புப் பற்றியது. பெரும்பாலான வழங்கிகளை ஓரிருவர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி நடத்துகின்றனர். அவர் களைத்துப்போனால் வழங்கியும் மூடப்படும்; அதனோடு அச்சமூகமும் சிதறும். ஓய்வு நேரம் வர்க்கத்துக்கும் பாலுக்கும் ஏற்பச் சமனற்றுப் பங்கிடப்பட்டிருக்கும் சமுதாயத்தில், தொண்டுழைப்பை மட்டும் நம்புவது நிருவாகத்தை வசதியுள்ளவரிடமே விட்டுவிடுவதாகும். 2017 இல் உருவான ‘சோஷல் கூப்’ என்னும் வழங்கி இதற்குக் கூட்டுறவு முறையில் விடைகாண முயல்கின்றது. உறுப்பினரே பணஞ் செலுத்துகின்றனர். விதிகளும் செலவும் உறுப்பினரின் வாக்கெடுப்பால் தீர்மானிக்கப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு வருவோர் தொகை எத்தகையது என்பதை அறிந்த எமக்கு, அங்கும் வாக்களிப்போர் சிலராகவே இருப்பர் என்று ஊகிப்பது கடினமன்று. இருந்தும், கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களிடம் உண்டு. மாஸ்ரடொனின் உரிமையை இலாபநோக்கற்ற அமைப்பொன்றுக்கு மாற்றுவதாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டமையும் இத்திசையிலேயே நோக்கத்தக்கது.

தமிழில் இத்தகைய முயற்சிகள் இல்லையென்று கூறமுடியாது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் பேணும் நோக்கோடு 2005 இல் தோன்றிய நூலகம் ஆகிய மூன்றும் விளம்பரமின்றி இன்றுவரை நிலைத்துள்ளன. மூன்றும் பேச்சுக்காகவன்றி வேலைக்காகக் கூடியவை. தட்டச்சிடவும், மெய்ப்பு நோக்கவும், பக்கங்களை வருடியெடுக்கவும் வந்தவர்களே அங்கு உரையாடுவோருமாயினர். கல்லோயாவின் வரிசைமுறை இதுவே. ஆனால் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உட்பட எமது அமைப்புகளின் அன்றாட உரையாடல் அநேகமாக வணிகத் தளங்களிலேயே நடைபெறுகின்றது. இச்சங்கங்களுக்கோ ஒவ்வோராண்டும் ஒரு செப்ரெம்பர் உண்டு: புதிய மாணவர் வருவர், பழைய செயற்குழு விலகும். விலகும் குழு கணக்கேட்டையும் முத்திரையையும் கையளிக்கின்றது. உரையாடற் குழுவின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது, எவர் எக்காரணத்தால் நீக்கப்பட்டார், அதற்கு எதிராக அவர் யாரிடம் முறையிடலாம் என்பவற்றைக் குறித்துக் கையளிக்கும் ஏடு ஒன்றை நாம் இன்னும் எந்தச் சங்கத்திலும் கண்டதில்லை.