நிகரக் கடனும் நிறுவன நலமும்

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் மின்கல ஆலை நடத்தும் அமர ராஜா போன்ற பொதுப் பங்கு நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஐந்தொகையை வெளியிடுகின்றன. அதில் கடன் காணப்படுவதனாலேயே ஒரு நிறுவனம் நலிவுற்றது எனக் கருதலாகாது.

மொத்தக் கடனிலிருந்து ரொக்கத்தையும், உடனே பணமாக்கத்தக்க முதலீடுகளையும் கழித்தால் கிடைப்பதே நிகரக் கடன். ரூ.100 கோடி கடனும் ரூ.60 கோடி ரொக்கமும் இருப்பின் நிகரக் கடன் ரூ.40 கோடி. வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டுக்கு ரூ.20 கோடி ஈட்டும் நிறுவனத்திற்கு இது ஈராண்டு ஈட்டம், எளிதில் தாங்கும். ரூ.4 கோடியே ஈட்டுவதற்கோ பத்தாண்டுச் சுமை.

மற்றொன்றும் கருதத்தக்கது. சரக்கு அளித்தோர்க்கும் ஊழியர்க்கும் தரவேண்டிய பாக்கி பொதுவாக இக்கணக்கில் சேர்வதில்லை. பாக்கியை நிறுத்திவைத்தால் ரொக்கம் பெருகும்; நிகரக் கடன் குறைந்ததுபோல் தோன்றும். ஆகவே நிலுவைகளையும் உடன்வைத்தே நோக்குதல் வேண்டும்.

நிலுவையின் சுமை எத்தகையது என்பதைச் சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை உணர்த்தும். அது 2002-இல் மூடப்பட்டது. 2023-இல் அதனைப் புதுப்பிக்க முற்பட்ட ஆந்திர அரசு, ரூ.182 கோடி நிலுவையைத் தீர்த்ததாக அறிவித்தது. பண்ணை மூடிக்கிடந்த இருபதாண்டுகளில் பால் உற்பத்தியாளர் இழந்த கூட்டுறவுச் சந்தையோ எந்த ஐந்தொகையிலும் இடம்பெறவில்லை.