ஓயாது கற்கவேண்டிய வைத்தியம்

1847-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் விர்கோ, இரத்தத்தின் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் கொடிய நோய்க்கு லூக்கேமியா எனப் பெயரிட்டார். அதே ஆண்டிலேதான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே எம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைப் போதித்ததோடு, அதற்குரிய நூல்களைத் தமிழிற் பெயர்த்து அச்சேற்றியவர் அவர். புதிய அறிவு கடல் கடந்து வந்தாற் போதாது. நோயாளரின் அருகிலுள்ள வைத்தியரைச் சென்றடைதலும் வேண்டும். இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வுண்மை உயிரோடு தொடர்புடையதாகும்.

நூறாண்டு வரை, குழந்தைகளைத் தாக்கும் கடுமையான லூக்கேமியாவுக்கு நற்பயன் தரும் மருந்தொன்றும் கிட்டவில்லை. 1948-இல் பொஸ்ரன் நகர வைத்தியர் பார்பர், அந்நோய் ஒரு மருந்தாற் சிலகாலம் தணிவதை வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சுப்பராவ் ஆவார். இன்று வசதி மிக்க நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளிற் பத்துக்கு ஒன்பது பேர்வரை பிழைக்கின்றனர்.

மாறிய பாடம்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978-இல் தொடங்கிற்று. நாட்பட்ட மைலோயிட் லூக்கேமியா சில ஆண்டுகளில் உயிரைக் கவரும் என்பதே அக்காலப் பாடம். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமற்றினிப் என்னும் குளிசை அப்பாடத்தை மாற்றிற்று. அதனை நாள்தோறும் உட்கொண்டு இன்று பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

புரோமைலோசைற்றிக் என்னும் வகையோ இன்னும் கடியது. முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். சில நாட்களிலேயே மூளையில் இரத்தப்பெருக்குண்டாகி உயிர் பிரியவுங்கூடும். விற்றமின் ஏ-யின் வழிவந்த மருந்தொன்று அதனை அடக்குமெனச் சீன வைத்தியர் 1980-களிற் காட்டினர். பாஷாணத்தினின்று பெற்ற மருந்தும் அதனோடு சேர, இன்று பெரும்பாலோர் பூரண சுகம் பெறுகின்றனர். ஆயின், ஐயம் தோன்றியவுடனேயே சிகிச்சை தொடங்கவேண்டும்.

இத்தகைய நோயாளரை முதலிற் காண்பவர் பெருநகர நிபுணரல்லர். நெடுந்தீவிலோ வடமராட்சியிலோ உள்ள ஊர் வைத்தியரே. வெளிறலும் காய்ச்சலும் தோலில் நீலத் தழும்புகளும் ஒருங்கே கண்டால், தாமதமின்றி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இம்மாற்றங்கள் பல நிகழ்ந்த காலத்தில், 2009 வரை, எமது குடாநாடு போரில் அல்லலுற்றது. தரைப்பாதையும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. பின்னர், 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிதி திரட்டி நடந்தோரின் முயற்சியால், 2013-இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கட்டடத்துக்கு உவந்தளித்த நாம், அங்கும் ஊர்களிலும் பணிபுரிவோரின் தொடர்கல்விக்கும் துணை நிற்றல் முறையன்றோ?

நிபுணர்கள் ஊர் வைத்தியருக்குக் காலந்தோறும் வகுப்பு நடத்துதல் நன்று. வைத்தியர் அத்தகைய வகுப்புக்காக ஒருநாள் வராதிருப்பின், காத்திருக்கும் நாம் குறைகூறலாகாது. அன்று அவர் கற்பது நாளை நம் இல்லத்துக் குழந்தையைக் காக்கலாம்.