தறியோசை ஏன் வலிக்கிறது?

காங்கேயத்தின் அரிசி, எண்ணெய் ஆலைகளும் வெள்ளகோவில் பக்கத்து விசைத்தறிகளும் எழுப்பும் இடைவிடாத ஓசையைப் பெரும்பாலோரின் மூளை விரைவில் பின்னணிக்குத் தள்ளிவிடுகிறது; ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்கு, பழகிப்போதல் எனப்படும் இந்த வடிகட்டல் குறைவாகவே நடப்பதால், தறியின் நூறாவது அடியும் முதல் அடியைப் போலவே உறைக்கிறது. புலன் மிகையுணர்வு என்னும் இந்நிலையில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுவதை அடம் என்றோ வளர்ப்புக் குறை என்றோ கொள்வது தவறு. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உடைய 11 குழந்தைகளை விவரித்த பின்னர், தாயின் பாசக் குறைவே காரணம் என்று பல்லாண்டு பழி சுமத்தப்பட்டது பெருங்கொடுமை. 1977-இல் வெளியான இரட்டையர் ஆய்வு மரபணுக்களின் பங்கை உணர்த்தியது.

ஆகவே உதவி சூழலை மாற்றுவதில் தொடங்குகிறது: தறிக்கூடத்திலிருந்து தள்ளியிருக்கும் அறை, காது மூடி, அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் படங்கள், பேச்சு வராதபோது வேண்டியதைச் சுட்டிக் கேட்க உதவும் பட அட்டைகள். இவ்வட்டைகள் பேச்சைத் தடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை ஆகியவை 18 மாதம் கடந்தும் தொடர்ந்தால், செவித்திறன் சோதனையைச் செய்துகொண்டு, அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்திருப்பதால், 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புக்குச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகிறது.