காலத்தை நினைவூட்டும் வளையம்

இப்போது மணி என்ன என்று கேட்டால் கைக்கடிகாரம் உடனே விடை சொல்லும். ஆனால் விளையாட்டு வீரனும் மலையேறுவோனும் அதனிடம் கேட்பது பெரும்பாலும் வேறு வினா. தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று? இன்னும் எத்தனை நிமிடம் எஞ்சியிருக்கிறது? இவற்றுக்கு விடை காணத் தொடங்கிய நேரத்தை நினைவில் வைத்துக் கழித்தல் கணக்குப் போடவேண்டும். அறையில் அமர்ந்திருப்பவனுக்கு இது எளிது. மூச்சிரைக்கச் சரிவில் ஏறுபவனுக்கும் கடலடியில் நீந்துபவனுக்கும் அவ்வளவு எளிதன்று. அந்நேரத்தில் நினைவும் பிழைக்கும், கணக்கும் பிழைக்கும். அக்கணக்கை மனத்தினின்று எடுத்துக் கண்ணெதிரே வைப்பதற்கு அமைந்த சிறு கருவியே கடிகார முகப்பைச் சுற்றியுள்ள சுழல் வளையம். கடிகாரக் கடைகளில் இதனைப் ‘பெசல்’ என்பர்.

கழிந்த காலத்தை மட்டும் அளக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. அடியில் சிறு துளையுள்ள வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்குவதைக் கொண்டு நாழிகை கணித்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். வட்டிலை எப்போது மிதக்க விட்டாலும் அதன் கணக்கு அக்கணத்திலிருந்தே தொடங்கும். சுழல் வளையம் செய்வதும் அதுவே. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை நிறுத்தாமல், நாம் விரும்பிய கணத்தைச் சுழியமாக்கிக் கொடுக்கிறது.

இதன் அமைப்பைக் காண்போம். வளையத்தில் 60 நிமிடத்துக்குரிய கோடுகளும், சுழியத்துக்குரிய இடத்தில் ஒரு முக்கோணக் குறியும் இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அதன்பின் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அதுவே கழிந்த நிமிடம். கால்பந்தாட்டத்தில் ஒரு பாதி 45 நிமிடம். ஆட்டம் 4 மணி 10 நிமிடத்துக்குத் தொடங்கினால் முக்கோணத்தை முகப்பின் 2 என்ற எண்ணுக்கு நேரே வைக்கிறோம். முள் வளையத்தின் 45ஐத் தொடும்போது மணி 4.55. கணக்கு ஒன்றும் போடவில்லை, பார்த்தோம், அறிந்தோம்.

இன்னொரு முறையும் உண்டு. முக்கோணத்தைத் தொடங்கிய நேரத்தில் வைக்காமல், முடியவேண்டிய நேரத்தில் வைக்கலாம். முள் முக்கோணத்தை நெருங்க நெருங்க எஞ்சிய காலம் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளையம் உயிர் காக்கும் கருவியாக வளர்ந்தது கடலடியில். காற்றுக் குப்பியை முதுகில் சுமந்து மூழ்குபவன் அக்காற்று தீருமுன் மேலே வந்தாக வேண்டும். 1953இல் பிளாங்பேன் என்ற சுவிஸ் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ என்ற கடிகாரத்தை வெளியிட்டது. அந்நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக் ஃபீஷ்டர் தாமே கடலில் மூழ்குபவர். பிரெஞ்சுக் கடற்படையின் நீரடி வீரர்கள் அதனைப் பயன்படுத்தினர். ரோலெக்ஸ் நிறுவனத்தின் ‘சப்மரீனர்’ கடிகாரமும் அக்காலத்ததே.

கடலடியில் ஒரு சிக்கல் உண்டு. பாறையிலோ கயிற்றிலோ உராய்ந்தால் வளையம் தானே நகர்ந்துவிடும். முன்னோக்கி நகர்ந்தால், 30 நிமிடம் கழிந்திருக்க 20 நிமிடமே கழிந்ததாகக் காட்டும். மூழ்கியவன் அதை நம்பி இருந்தால் கேடுதான். இதற்குத் தீர்வாக, வளையம் ஒரே திசையில், அதாவது கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராக மட்டுமே சுழலுமாறு செய்தனர். வளையத்தின் அடியில் நுண்ணிய பற்கள் உண்டு. அவை ஒருபுறம் சரிவாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் வெட்டப்பட்டவை. சிறிய வில்தகடு ஒன்று சரிந்த பக்கத்தில் வழுக்கிச் செல்லும். செங்குத்துப் பக்கத்தில் முட்டி நிற்கும். திருப்பும்போது கேட்கும் ‘டிக், டிக்’ என்ற ஒலி இத்தகடு எழுப்புவதே. இனி வளையம் தவறி நகர்ந்தாலும், கழிந்த காலம் உள்ளதைவிட மிகுதியாகவே தோன்றும். வீரன் சற்று முன்னதாக மேலே வருவான், அவ்வளவே இழப்பு. முடியவேண்டிய நேரத்தில் முக்கோணத்தை வைத்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. நகர்ந்த முக்கோணம் நம்மை முன்னதாகவே அழைக்கும். பிழையே நேராத கருவி உலகில் இல்லை. நேரும் பிழை நன்மையின் பக்கம் சாயுமாறு செய்ததே இதன் சிறப்பு.

கடலடியில் பிறந்த இவ்வறிவு மலைக்கும் பொருந்தும். போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியே சென்றால் வருவது சாந்தன்பாறை. ஏலக்காடுகளும் புல்மேடுகளும் நிறைந்த இவ்வூரின் கள்ளிப்பாறை மலையில் 2022இல் நீலக்குறிஞ்சி மலர்ந்தபோது மக்கள் திரள் திரளாக ஏறிச்சென்று கண்டனர். மலையிலேயே வாழும் தோட்டத் தொழிலாளர் வெயிலையும் மூடுபனியையும் கண்டே பொழுதறிவர். வெளியூரிலிருந்து செல்லும் மாணவர்க்கு அவ்வறிவு இல்லை. அங்கோ பொழுது சாய்ந்தபின் வழியில் நிற்பது ஆபத்து. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதி காட்டுயானைகள் நடமாடும் இடம். அரிக்கொம்பன் என்று மக்கள் அழைத்த யானையை 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை சின்னக்கானலில் பிடித்து அகற்றியது. ஓர் யானை அகன்றதால் காடு வெறுமையாகிவிடவில்லை.

இங்கு மலையேறுவோன் என்ன செய்யவேண்டும்? ஸ்காத்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி கூறினார். அதனை இன்றைய அளவைகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவும் 200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்று கொள்வோம். நடைக்கு 30 நிமிடம், ஏற்றத்துக்கு 20 நிமிடம், ஆக 50 நிமிடம். நாம் 3.40க்குப் புறப்பட்டால் 4.30க்கு உச்சியை அடையலாம். வழுக்கும் புல்லையும் மூடுபனியையும் எண்ணி, இறங்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 5.30க்குச் சாலையை அடைவோம். மார்கழியில் ஆறு மணியை ஒட்டிக் கதிரவன் மறைகிறான். ஆதலின் அரை மணி நேரம் கையிருப்பு. இப்போது முக்கோணத்தை முகப்பின் 6க்கு நேரே, அதாவது 30ஆம் நிமிடத்தில் வைக்கிறோம். முள் முக்கோணத்தைத் தொட்டதும், உச்சி நூறடி தொலைவில் இருப்பினும் திரும்பிவிட வேண்டும். சரிவில் நிற்கும்போது “இன்னும் சிறிது தூரம்தானே” என்று மனம் வாதாடும். அவ்வாதத்துக்கு விடையை அடிவாரத்திலேயே, அமைதியாக இருந்தபோதே எழுதி வைத்துவிட்டோம் அன்றோ!

இதன் எல்லையையும் அறிதல் நன்று. 60 நிமிடத்துக்கு மேற்பட்டால் முள் மீண்டும் சுற்றத் தொடங்கும். அப்போது மணி முள்ளையும் பார்க்கவேண்டும். கபடியில் ஒருவர் பாடிச் செல்லும் 30 வினாடியை இது துல்லியமாக அளக்காது. அதற்கு நிறுத்து கடிகாரமே வேண்டும். ஆட்டம் இடையில் நின்றால் வளையம் நிற்காது. கைப்பேசி இதனினும் நுட்பமாகக் காலம் காட்டும் என்பது உண்மை. ஆயினும் மழையில் கோலூன்றி இறங்குபவன் அதை வெளியே எடுக்கவேண்டும். மின்கலமும் தீராதிருக்க வேண்டும். வளையத்துக்கு ஒரு பார்வை போதும்.

ஆகவே நண்பர்களே, மலைக்குச் செல்லும்போது இவ்வளையமுள்ள கடிகாரம் கிடைத்தால் அணிந்து செல்லுங்கள். கிடைக்காவிடின் திரும்பவேண்டிய நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். கருவி எதுவாயினும், புறப்படுமுன் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வதும், குறித்த நேரத்தில் திரும்புவதுமே வேண்டுவன. மலை அங்கேயே இருக்கும், மறுநாளும் ஏறலாம்.