கண்ணாடித் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

ஆண்டுத் தணிக்கையின் பொருட்டு அண்மையில் திருவொற்றியூர் சென்றிருந்தோம். பணி முடிந்ததும், சங்கத்தின் நெடுநாளைய உறுப்பினராகிய முதியவர் ஒருவர், தம் இல்லத்திற்கு வந்து காப்பி அருந்திச் செல்ல வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் இல்லம் காலடிப்பேட்டையில் உள்ளது. ஜோசப் காலெட் என்பார் சென்னையின் ஆளுநராயிருந்த காலத்தில் (1717–1720) நெசவாளரைக் குடியமர்த்துவதற்காக ஏற்பட்ட பேட்டை அது. காலெட்பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. முதியவரும் நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்.

அவ்வீட்டுச் சன்னலோரத்தில் வெற்றுக் கண்ணாடிச் சாடி ஒன்று இருந்தது. அதைப் பற்றி வினவினோம். முதியவர் குரலைத் தாழ்த்திக் கொண்டார். "பேரனுக்குச் சண்டை மீன் வாங்கித் தந்தேன், ஐயா. இரண்டு மாதத்தில் மூன்று மீன் போய்விட்டது. நான்காவது வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். தானே கொன்றுவிட்டதாக நினைக்கிறான்" என்றார். பத்து வயதுச் சிறுவன் கதவுக்குப் பின்னால் நின்று நாம் கூறப்போவதைக் கேட்டுக் கொண்டிருந்தான்.

நாமும் முதல் மீனை இவ்வாறே சாடியில் இட்டு இழந்தவர்கள். ஆதலின் அச்சிறுவனுக்கு அன்று கூறியவற்றையே, பிள்ளைகளையுடைய ஏனைய உறுப்பினர்க்கும் பயன்படுமென்று கருதி, இங்கு எழுதுகின்றோம்.

சாடி ஏன் ஆகாது?

சண்டை மீனின் தாயகம் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கு நெல்வயல்களிலும் ஆழமற்ற குட்டைகளிலும் வாழ்வது. 1910-இல் ரீகன் என்னும் அறிஞர் இதற்குப் 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' எனப் பெயரிட்டார். 2019-இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வடசென்னைப் பிள்ளைகள் இதனைப் 'பைட்டர்' என்றே அழைப்பர். கொளத்தூரிலுள்ள வண்ணமீன் கடைகளில் சிறு குவளைகளில் தனித்தனியே அடைத்து விற்கப்படுவதும் இதுவே.

இம்மீனுக்குச் செவுள்களுடன், தலையினுள் மடிப்பு மடிப்பாக அமைந்த வேறொரு மூச்சுறுப்பும் உண்டு. அதனால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரே உட்கொள்ள வல்லது. இதைக் கண்டே, சிறு சாடி இதற்குப் போதுமென்று பலர் எண்ணிவிடுகின்றனர். காற்றுக்குக் குறைவில்லை என்பது உண்மை. ஆனால் மீன் தன் கழிவிலேயே கிடக்கிறது என்பதும் உண்மையன்றோ?

மீன் வெளியிடும் கழிவிலிருந்தும், தின்னாது எஞ்சி அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. எண்ணூர்ப் பகுதியினர்க்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அவ்வாயு கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நமக்கு ஓடுவதற்குத் தெரு இருந்தது. சாடியிலுள்ள மீனுக்கு ஓட இடமில்லை. இதைச் சொன்னபோது சிறுவன் கதவை விட்டு வெளியே வந்தான்.

ஒரு லிட்டர் நீரில் சேரும் கழிவு இருபது லிட்டர் நீரில் சேருமாயின் அதன் செறிவு இருபதில் ஒரு பங்காகும். ஆகவே 45 செ.மீ. நீளமும், 25 செ.மீ. அகலமும், 25 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியே தொடக்கத்திற்கு ஏற்றது. அதில் 20 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினால் இருபத்திரண்டரை லிட்டர் கொள்ளும். நீரின் எடையே இருபத்திரண்டரை கிலோ ஆதலால், உறுதியான பலகையின் மீது சமதளமாக வைத்தல் வேண்டும். தறியின் அதிர்வு எட்டும் இடமும், நேர் வெயில் விழும் சன்னலோரமும் ஆகா.

நீரும் சாயமும்

அடுத்து நீர். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அதனை வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தையும் அளவறிந்து சேர்க்கலாம். கடலோரத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பேறியது; அது ஏற்றதன்று. சுத்திகரித்து விற்கப்படும் கேன் நீரில் தாதுக்கள் மிகக் குறைவு. அதை மட்டுமே நம்புதலும் தவறு.

இதைக் கேட்ட முதியவர் தம் நெற்றியில் அடித்துக் கொண்டார். "உப்புத் தண்ணீரில் சாயம் திப்பித் திப்பியாகப் பிடிக்கும் என்று நாற்பது வருடம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவன் நான். சாடிக்கு மட்டும் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றினேனே! தவறு அவனுடையது அன்று, ஐயா, என்னுடையது" என்றார். சிறுவன் தாத்தாவை நிமிர்ந்து நோக்கினான். அவ்வீட்டில் நமது வேலையின் பெரும்பகுதி அக்கணத்திலேயே முடிந்துவிட்டது எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத சங்கம்

தொட்டியும் நீரும் ஆயத்தமான அன்றே மீனை விடலாகாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் முதலில் அதில் குடியேற வேண்டும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவு மிகாதவரை அத்துணைத் தீங்கு செய்வதன்று. இந்நுண்ணுயிர்கள் மணலிலும், வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை, மீனில்லாத் தொட்டியில் நாளும் ஒரு சிட்டிகை தீனியை இட்டு அவற்றிற்கு உணவளித்தல் வேண்டும். சோதனைத் திரவத்தால் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பின்னரே, நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, மீனை வாங்கச் செல்லுதல் முறை.

பங்குத்தொகை சேருமுன் கடன் வழங்கத் தொடங்கிய சங்கம் என்னவாகும் என்பதை நம் வாசகர் அறிவர். தொட்டியின் கதையும் அதுவே.

வடிகட்டி மெல்லிய குமிழிகளை விடும் பஞ்சு வகையாக இருத்தல் நன்று. நீண்ட துடுப்புகளையுடைய இம்மீனால் விரைந்த நீரோட்டத்தைத் தாங்க இயலாது. பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். நீர்ச்செடிகள் சிலவும், ஒளிந்துகொள்ள ஒரு சிறு சட்டியும் போதும். தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலை ஒன்றைக் கழுவி இடுவதும் வழக்கம். நீர் தேநீர் நிறமாகிச் சற்றே அமிலத்தன்மை பெறும். மீன் துள்ளி வெளியே விழாதிருக்க மூடி தேவை. ஆயினும் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இருத்தல் இன்றியமையாதது. 25 முதல் 28 பாகை வெப்பம் இதற்கு உகந்ததாகையால், நம் ஊரில் பெரும்பாலும் வெப்பமூட்டி வேண்டுவதில்லை.

ஆண் மீன் ஒன்றுக்கு ஒரு தொட்டி. இரண்டு ஆண்களைச் சேர்த்தால் போர் மூளும். வாங்கி வந்த பையை நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்தபின் மீனை விடுக. காலையும் மாலையும் இரண்டு மூன்று தீனி மணிகள் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுக. கொசுப்புழுவை இம்மீன் விரும்பி உண்ணும். அதற்காக வீட்டில் நீரைத் தேக்கிக் கொசு வளர்த்தல் டெங்குவை விருந்துக்கழைப்பதாகும். வளர்க்க இயலாதபோது குளத்திலோ ஆற்றிலோ விடாமல், கடையிலோ வேறு வளர்ப்போரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

பேரேட்டின் முதற் பக்கம்

விடைபெறுமுன், நம் பையிலிருந்த கோடிட்ட குறிப்பேடு ஒன்றைச் சிறுவனிடம் தந்தோம். நாள், நீர் மாற்றிய அளவு, சோதனையின் முடிவு, தீனி என நான்கு பத்திகள் வரைந்து கொடுத்து, "தம்பி, அடுத்த முறை வந்து தணிக்கை செய்வோம்" என்றோம்.

இரண்டு மாதங்களுக்குப் பின் சென்றோம். சாடி இருந்த இடம் வெறுமையாயிருந்தது. அறையின் உட்சுவரோரம் பலகையின்மீது தொட்டி விளங்கியது. அதில் நீல நிறச் சண்டை மீன் ஒன்று உலவிற்று. மிதக்கும் இலைக்கடியில் வாயால் குமிழிகளை ஊதி, முத்துக் கோத்தாற்போல் கூடு அமைத்திருந்தது. பெண் மீன் இல்லாதபோதும் முட்டைகளுக்கென்று ஆண் கட்டும் கூடு அது.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். முதல் முப்பத்தெட்டு நாட்கள் மீனின்றியே எழுதப்பட்டிருந்தன. ஒரு நாளுக்குரிய வரி மட்டும் வெறுமையாயிருந்தது. அதைச் சுட்டிக் காரணம் கேட்டோம். "அன்று மறந்துவிட்டேன், சார். பிறகு எழுதினால் பொய்க் கணக்கு ஆகிவிடும் என்று தாத்தா சொன்னார், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்" என்றான்.

எத்தனையோ சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியிருக்கின்றோம். இவ்வளவு நேர்மையான வெற்றிடத்தைக் கண்டது அரிது. கீழே கையொப்பமிட்டு, 'கணக்குச் சரி' என்று எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு மீன் வாங்கித் தரும் அன்பர்கள் முதலில் தொட்டியையும், அதனுடன் ஒரு குறிப்பேட்டையும், ஆறு வாரப் பொறுமையையும் வாங்கித் தருவாராக.