வைரத்தின் நிறம்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீடு. பேத்திக்கு நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கு வைரம் வாங்க வேண்டும்.

"புளூ ஜாகர் கேட்டு வாங்குங்க" என்றார் பாட்டி.

புளூ ஜாகர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்து வைரம். அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. தரச் சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

அதில் நிறத்தை ஓர் ஆங்கில எழுத்து காட்டும். 'டி' என்றால் நிறமே இல்லை. 'இசட்' வரை போகப் போக மஞ்சள் கூடும். விலை குறையும்.

மஞ்சள் தங்க மோதிரமா? 'டி' எதற்கு? தங்கத்தின் நிறம் கல்லிலும் தெரியுமே! 'ஐ', 'ஜே' போதும்.

கல்லைப் பதிக்கும் முன்பே பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் நல்லது. நேர் வெயில் வேண்டாம். சில கற்கள் வெயிலில் நீலமாக ஒளிரும். அந்த நீலம் மஞ்சளை மறைத்துவிடும்.